சுடலைக்கு வந்த சந்திரமதி

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் பெண்கள் சுடலைக்குச் செல்லும் வழக்கம் இல்லை. இறந்தவன் கணவனாயினும், பெற்றெடுத்த பிள்ளையே ஆயினும், பாடை படலையைக் கடந்ததும் பெண்களின் வழி அங்கே முடிந்துவிடும். அதன் பின் அவர்களுக்கு உரியது ஒப்பாரி ஒன்றே. சிதையில் தீ மூளுவதை அவர்கள் கண்ணால் காண்பதில்லை. அதே யாழ்ப்பாணத்தில், கோயில் வெளியிலே பாய் விரித்து அமர்ந்து, ஒருத்தி தன் மகனுடைய உடலைத் தன்னந்தனியே சுமந்துகொண்டு சுடலைக்குள் நுழைவதைக் கண்டு விடியும்வரை கண்ணீர் உகுத்த பெண்கள் எண்ணிறந்தோர். அவ்வாறு நுழைந்தவள் அரிச்சந்திரன் மனைவி சந்திரமதி. மேடையில் அவளாக வந்தவனோ சேலை உடுத்த ஓர் ஆடவன்.

நாடக உலகில் அவனுக்கு ஸ்திரீபார்ட் என்று பெயர். இராஜபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று நடிகரை வகுத்து வைத்த அந்நாளைய வழக்கிலே, ஸ்திரீபார்ட் என்பது ஒரு தனித் தொழில். அரசனாக வருபவன் தவறினால் பாட்டினால் சமாளிக்கலாம். பபூன் தவறினால் அதுவும் ஒரு சிரிப்பாகிவிடும். சந்திரமதியாக வருபவன் ஒரு கணம் தன்னை மறந்து ஆணாக அடி வைத்துவிட்டால், அன்றைய நாடகம் அவ்வளவில் முடிந்தது. மற்ற எவர்க்கும் இல்லாத இந்த ஆபத்து அவன் ஒருவனுக்கே உரியது.

கதை யாவரும் அறிந்ததே. விசுவாமித்திரருக்குக் கொடுத்த வாக்கைக் காக்க நாட்டை இழந்த அரிச்சந்திரன், காசிமாநகரத்திலே மனைவியையும் மகனையும் காலகண்டையருக்கு விற்கின்றான். தன்னைச் சுடலைக்கு அதிபனான வீரவாகுவுக்கு அடிமையாக விற்றுக்கொள்கின்றான். தருப்பை பறிக்கச் சென்ற சிறுவன் லோகிதாசனைப் பாம்பு தீண்டிவிடுகின்றது. வீட்டுவேலை யாவும் முடிந்த பின்னரே மகனைத் தேடிப்போக அடிமைப்பெண்ணுக்கு அனுமதி கிடைக்கின்றது. நள்ளிரவில் பிணத்தைத் தோளிற் சுமந்து சுடலைக்கு வருகின்றாள். காவலன் தடுக்கின்றான். கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கின்றான். கொடுக்க அவளிடம் ஒன்றுமில்லை. கழுத்திலே தாலி இருக்கின்றதே, அதை விற்றுக் கொண்டுவா என்கின்றான். அந்தத் தாலியோ கணவன் கண்ணுக்கன்றி வேறெவர் கண்ணுக்கும் புலப்படாத வரம் பெற்றது. அக்கணத்திலேயே எதிரில் நிற்கும் காவலன் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிடுகின்றது.

முழு அரிச்சந்திரா நாடகத்தின் இறுதிப் பகுதியே இந்த மயான காண்டம். யாழ்ப்பாணத்து மக்கள் ஏனைய பகுதிகளை விட்டாலும் இதை விட மனம் கொள்ளவில்லை. இதனை மட்டும் தனி நாடகமாக ஆடும் வழக்கம் வேரூன்றியதற்குக் காரணம் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தம் வாழ்விலே காணக் கிடைக்காத ஓர் இடத்தைப் பெண்கள் அங்கே கண்டார்கள். தம் பிள்ளையைத் தாமே தூக்கிச் சென்று தாமே கிடத்தும் உரிமையை, கற்பனையிலேனும், சந்திரமதி அவர்களுக்குப் பெற்றுக் கொடுத்தாள்.

இனி, அப்பெண்ணாக ஏன் ஆண் நடித்தான் என்ற வினா எழும். பெண்கள் மேடை ஏறத் தயங்கினார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. தயங்கியவர்கள் பெண்கள் அல்லர், தடுத்தது ஊர். கோயில் திருவிழாக்களில் ஆடிய சின்னமேளத்து மாதரைக் குறித்து ஆறுமுக நாவலர் (1822–1879) காலந்தொட்டே கண்டனம் எழுந்தது. பலர் பார்க்க ஆடிப் பாடும் பெண் குடும்பப் பெண்ணல்லள் என்ற எண்ணம் அக்காலத்தில் இறுகிவிட்டது. ஆகவே, கற்பில் சிறந்தவள் என்று புராணம் போற்றும் சந்திரமதியை, ஒரு பெண் நடித்தால் அது சந்திரமதிக்கே இழுக்கு என்று கருதினார்கள். ஆண் நடித்தால் இழுக்கில்லை. இந்த விசித்திரமான நியாயம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1660-ஆம் ஆண்டு வரையும் ஷேக்ஸ்பியரின் நாயகியர் யாவரும் சிறுவரே. ஜப்பானில் 1629-ஆம் ஆண்டு பெண்களைக் கபுகி மேடையிலிருந்து விலக்கிய பின் ஆண்களே பெண்வேடத்தைப் பரம்பரைக் கலையாக வளர்த்தார்கள். சீனத்து மெய் லான்பாங் (1894–1961) பெண்வேடத்தாலேயே உலகப் புகழ் எய்தினார்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த நாடகக் கம்பெனிகளின் வாயிலாகவே இக்கலை புதிய கோலத்தில் யாழ்ப்பாணம் அடைந்தது. அதற்கு முன்னும் இங்கே வட்டக்களரியில் ஆடிய கூத்துகளில் ஆண்களே பெண்களாக ஆடினர். காத்தவராயன் கூத்தில் முத்துமாரியும் ஆரியமாலையும் ஆடவரே; குருநகர், பாசையூர் முதலிய கரையோர ஊர்களின் கத்தோலிக்கக் கூத்துகளிலும் அப்படியே. ஆனால் கூத்திலே உடையும் தாளக்கட்டும் முன்நிற்கும். ஆணா பெண்ணா என்ற நுட்பம் பின்னே நிற்கும். கொட்டகை நாடகம் வந்தபோது நிலை மாறியது. தீட்டிய திரை, சரிகைச் சேலை, ஆர்மோனியம், மேலைநாட்டு விளக்கு என்று காட்சி மெய்போலத் தோன்றத் தொடங்கியதும் பெண்வேடமும் மெய்போல இருக்க வேண்டியதாயிற்று. தகரக்கொட்டகை, புத்துவாட்டியார் கொட்டகை என்று மூத்தோர் வழங்கிய பெயர்கள் இக்காலத்துக்கு உரியவை.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போன்றோரின் நாடகங்கள் கடல் கடந்து வந்து, இங்குள்ள அண்ணாவிமாரின் கொப்பிகளில் ஏறின. சுவாமிகளின் முறையிலே சிறுவர் கம்பெனிகள் எழுந்தபோது, பெண்வேடம் சிறுவர்களின் குரலை நம்பியே நின்றது. மகரக்கட்டு உடையும் வயதிலே ஒரு பையனின் வாழ்வு ஒரே மாதத்தில் தலைகீழாகிவிடும். நேற்றுவரை வள்ளியாகவும் சாவித்திரியாகவும் நின்றவன் இன்று திரைக்குப் பின்னே பெட்டி தூக்குவான். பிற்காலத்தில் சினிமாவிற் கொடிகட்டிப் பறந்த சிவாஜி கணேசனும் நாடகக் கம்பெனியிலே முதலில் சீதையாக நின்றவர்தான். அவரைப்போல் ஆண்வேடத்துக்கு மாறித் தழைத்தோர் சிலர். குரலோடு பிழைப்பையும் இழந்தோர் பலர்.

வளர்ந்த பின்னும் பெண்வேடத்தைக் கைவிடாதவனே உண்மையான ஸ்திரீபார்ட். அவன் சிறுவனின் குரலை நம்ப முடியாது; தானே ஒரு குரலை ஆக்கிக்கொள்ள வேண்டும். மீசையை மழித்து, முகத்துக்கு அரிதாரமும் முத்துவெள்ளையும் பூசி, கண்ணுக்கு மை எழுதி, டோப்பா வைத்துக் கொண்டை முடிப்பது ஒரு மணி நேர வேலை. மற்றவை யாவும் பல்லாண்டு வேலை. சேலைத் தலைப்பை எப்போது இழுத்துச் செருகுவது, அழும்போது கை நெற்றிக்குப் போவதா மார்புக்குப் போவதா, பிணத்தின் அருகே பெண் எப்படிக் குந்துகின்றாள், எழும்பும்போது எந்தக் கையை நிலத்தில் ஊன்றுகின்றாள், இவையெல்லாம் எந்த அண்ணாவியாரும் சொல்லித் தரக் கூடியவை அல்ல. பெண்களைப் பார்த்தே கற்க வேண்டும். சந்திரமதியின் புலம்பல் இராகத்தோடு பாடப்படுவதாயினும், அதன் அடியில் ஓடுவது செத்தவீட்டு ஒப்பாரியே. ஆகையால் கேட்கும் பெண்களுக்கு அது அந்நியமாக ஒலிக்கவில்லை. தங்கள் வாயிலிருந்து புறப்பட்ட அழுகை, அலங்காரம் பூண்டு, ஓர் ஆடவன் வாயிலாகத் தங்களிடமே திரும்பி வந்ததை அவர்கள் கேட்டார்கள்.

இத்துணை அரிய கலைக்குச் சினிமாவிலே நேர்ந்தது என்ன என்பதை அறிய, ஒரு சிறிது பம்பாய் வரை சென்று வர வேண்டும். ஏனெனில் இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமும் அரிச்சந்திரன் கதையே. அதிலும் சந்திரமதி ஆடவனே.

தாதாசாகிப் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’ படத்தைத் தொடங்கியபோது, அரசியாக நடிக்க ஒரு பெண்ணைத் தேடி அலைந்தார். வடநாட்டில் சந்திரமதிக்குத் தாராமதி என்று பெயர். குலமகளிர் வர மறுத்தனர். வீதியிலே பாடிப் பிழைத்த மாதரும் சினிமா என்றதும் மறுத்தனர். கடைசியில் கிராண்ட் ரோட்டிலுள்ள ஓர் உணவுச்சாலையிலே வேலை செய்துகொண்டிருந்த அண்ணா சாலுங்கே என்ற இளைஞன் அவர் கண்ணிற் பட்டான். மெலிந்த உடலும் நளினமான கைகளும் அவனுக்கு வாய்த்திருந்தன. மாதம் 15 ரூபாய் சம்பளம் பேசி அவனை அழைத்துச் சென்றார் பால்கே. 1913-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் பம்பாய் கோரனேஷன் கொட்டகையில் படம் வெளியாயிற்று. இந்தியத் திரையின் முதல் கதாநாயகி அந்தச் சமையற்காரரே.

1917-ஆம் ஆண்டு பால்கே எடுத்த ‘லங்கா தகனம்’ இன்னும் விந்தையானது. அதிலே இராமனும் சாலுங்கே, சீதையும் சாலுங்கே. பிரிந்து வாடும் இருவரும் ஒருவரே என்பதை எத்தனை பேர் அறிந்து பார்த்தார்களோ! இராமன் திரையிலே தோன்றியபோது மக்கள் காலணியைக் கழற்றி வணங்கினார்கள் என்று அந்நாட் செய்தி கூறுகின்றது. சீதையாக வந்தபோது புயத்தின் தசைநார்கள் தெரிந்தன என்றும் சிலர் கூறினர். சாலுங்கே பின்னர்க் கமெராவுக்குப் பின்னே போய் ஒளிப்பதிவாளராகவும் தொழில் செய்தார். 1913-லேயே பால்கேயின் அடுத்த படமான ‘மோகினி பஸ்மாசுர’னில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்துப் பெண்களுக்குத் திரையின் கதவைத் திறந்துவிட்டிருந்தனர்.

புயத்தின் தசைநார் என்ற அந்தச் சிறு செய்தியிலே சினிமாவுக்கும் மேடைக்கும் உள்ள வேற்றுமை முழுதும் அடங்கியிருக்கின்றது. கோயில் வெளியிலே நடிகனுக்கும் சபைக்கும் இடையே தூரம் உண்டு. பெற்றோல்மக்ஸ் விளக்கின் வெளிச்சம் முகத்தில் பாதியை நிழலுக்கு விட்டுக்கொடுக்கும். அந்தத் தூரத்தையும் நிழலையும் பாட்டு நிரப்பும். கமெராவோ அருகில் வருகின்றது. மறைக்க வேண்டியதைப் பெரிதாக்கிக் காட்டுகின்றது. மேலும் அது ஊமைப்படக் காலம். ஸ்திரீபார்ட்டின் பெருஞ்செல்வம் குரல். அந்தச் செல்வத்துக்கே திரையில் இடமில்லை. குரல் வந்த காலத்திலோ பெண்களும் வந்துவிட்டார்கள்.

மராட்டிய மேடையின் ஒப்பற்ற பெண்வேடக்காரரான பால கந்தர்வர் (1888–1967) பட்ட பாடு இதற்குச் சான்று. அவர் மேடையில் உடுத்த சேலையைப் பார்த்துப் பம்பாயிலும் புனாவிலும் பெண்கள் சேலை உடுத்தினார்கள். அவர் சூடியவாறே பூச்சூடினார்கள். 1911-ஆம் ஆண்டு ‘மானாபமான்’ நாடகம் அரங்கேறிய அன்றே அவருடைய குழந்தை இறந்தது. அவர் நாடகத்தை நிறுத்தவில்லை. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்று மாலை நாயகியாக நின்று பாடினார். மயான காண்டத்தைப் பார்த்துப் பழகிய யாழ்ப்பாணத்தவர்க்கு இந்நிகழ்ச்சி வெறுங்கதையாகப் படாது. இத்தகையவர் 1935-இல் ‘தர்மாத்மா’ படத்திலே ஏகநாதராக, ஆணாகவே தோன்றினார். மேடையில் அவரைப் பெண்ணாகக் கண்டு உருகியவர்கள் திரையில் ஆணாகக் கண்டு மனம் நிறையவில்லை. பின்னர் மீராபாயாகப் பெண்வேடத்திலே படமெடுத்துப் பார்த்தார், அதுவும் கைகூடவில்லை.

இதே காலத்தில் தமிழ்த்திரை எதிர்த்திசையிலே ஒரு வேடிக்கை செய்தது. கே. பி. சுந்தராம்பாள் 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்திலே நந்தனாராக, ஆண்வேடத்தில் நடித்தார்; அதற்கு அவர் பெற்றதாகச் சொல்லப்படும் ஒரு இலட்சம் ரூபாய் அந்நாளில் கேள்விப்படாத தொகை. அவரும் எஸ். ஜி. கிட்டப்பாவும் முதன்முதலில் ஒரே மேடையில் சேர்ந்தது கொழும்பிலே என்பது இலங்கை நேயர்கள் நினைவிற் கொள்ளத் தக்கது. ஆண் பெண்ணாவதும் பெண் ஆணாவதும் அத்தலைமுறையின் நாடக அறிவுக்கு விகாரமாகவே படவில்லை. குரல் எவரிடம் இருந்ததோ, வேடம் அவருக்கு.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்புவோம். இங்கே நாடகம் இருவேறு வீடுகளில் வாழ்ந்தது. ஒன்று, ஆங்கிலங் கற்றோர் நடத்திய சபைகள். சென்னைச் சுகுண விலாச சபையாரோடு பம்மல் சம்பந்த முதலியார் 1911-ஆம் ஆண்டு இலங்கை வந்து நாடகம் நடத்தியது இவர்களுக்கு ஊக்கமளித்தது. அச்சபையிலே முதலியாருக்கு இணையாக நாயகி வேடம் தாங்கிப் புகழ் பெற்றவர் ரங்கவடிவேலு. கனவான்கள் பெண்வேடம் பூணலாம், அதனால் மரியாதை குன்றாது என்பதை அவர்கள் நிலைநாட்டினர். முதலியாரைக் குருவாகக் கொண்ட கலையரசு க. சொர்ணலிங்கம் (1889–1982) யாழ்ப்பாணத்தில் அந்நெறியை வளர்த்தார். ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்ற அவர் நூல் அக்காலத்தை அறிய விரும்புவோர்க்கு இன்றியமையாதது.

மற்றொரு வீடு கோயில் வெளி. அங்கே ஆடியவர்கள் சபையோர் அல்லர். பகலிலே உழைத்து இரவிலே ஆடியவர்கள். அவர்களிற் பலர் தாழ்த்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். இதைச் சொல்லாமல் ஸ்திரீபார்ட்டின் கதையைச் சொல்ல முடியாது. கற்ற கனவான் சேலை உடுத்தபோது அதற்குக் கலைத்திறம் என்று பெயர். கோயில் வெளிக் கலைஞன் உடுத்தபோது, இரவிலே கைதட்டிய ஊர் விடிந்ததும் பெண்பெயர் சொல்லிக் கேலி பேசியது. ஒரே சேலைதான், உடுத்தவன் வேறு. பிறப்பினாலும் ஒரு தாழ்வு, வேடத்தினாலும் ஒரு தாழ்வு என்று இரண்டையும் ஒருங்கே சுமந்தவன் அவன். அரிச்சந்திரனுக்குப் பொன்னாடை போர்த்தவர்கள் பலர். சந்திரமதிக்குப் போர்த்தவர்கள் அருமை.

இந்த இரண்டாம் வீட்டிலிருந்து எழுந்தவரே நடிகமணி வி. வி. வைரமுத்து. 1924-ஆம் ஆண்டு காங்கேசன்துறையிலே பிறந்தார். ஆசிரியத் தொழில் பார்த்தார். உச்சஸ்தாயியிலே தங்குதடையின்றி ஓடும் குரல் அவருக்கு இயற்கையின் கொடை. வசந்த கான சபா என்ற குழுவை நிறுவி, மயான காண்டம், பக்த நந்தனார், சத்தியவான் சாவித்திரி, ஸ்ரீவள்ளி முதலிய நாடகங்களைக் குடாநாடெங்கும், அதற்கு வெளியேயும் கொண்டு சென்றார். மயான காண்டத்தை மட்டும் ஆயிரக்கணக்கான முறை மேடையேற்றினார் என்பர். அரிச்சந்திரன் என்றால் வைரமுத்து, வைரமுத்து என்றால் அரிச்சந்திரன் என்று ஊர் பேசிற்று.

அவருடைய மயான காண்டத்திலே சந்திரமதியாக வந்தவர்கள் ஆடவரே. இதில் ஒரு நுட்பம் உண்டு. மயான காண்டம் பெரும்பாலும் இருவர் நாடகம். தருக்கப் பாட்டு ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பந்துபோல் பாய்ந்து திரும்பும். வைரமுத்துவின் குரல் ஏறும் உயரத்துக்கு மற்றவரும் ஏறியாக வேண்டும். ஏறியும், அக்குரல் அழுது களைத்த ஒரு தாயின் குரலாகவே இருக்க வேண்டும். அரிச்சந்திரன் கல்லாக நிற்கலாம்; அவன் கடமை அது. சபையைக் கரைக்கும் வேலை சந்திரமதியினுடையது. எனவே, வைரமுத்துவின் புகழிலே சரிபாதி அவரெதிரே சேலையோடு நின்றவர்களுக்கு உரியது என்று கூறினால் அது மிகையாகாது.

நாட்டிற்கு அரசனாயிருந்தவன் சுடலைக் காவலனாக, வீரவாகுவின் ஏவலனாக நிற்கும் காட்சி, சாதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த யாழ்ப்பாணத்துக் கோயில் வெளியிலே என்ன பொருள் தந்திருக்கும் என்பதும் எண்ணத்தக்கது. காங்கேசன்துறைக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலே 1968-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. கோயிலின் உள்ளே புகத் தடுக்கப்பட்ட மக்களின் கலை, கோயில்களின் வெளிவீதியிலே பல தலைமுறையாகச் சத்தியத்தைப் பாடிக்கொண்டிருந்தது. அங்கே சந்திரமதி, காவலன் கேட்ட வரியைக் கொடுக்க வழியின்றி நின்று, பிணத்துக்கும் இந்த உலகில் கட்டணமா என்று கேட்கும் நிலையிலே, அழுதவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக அழுதிருக்க முடியாது.

இன்னொரு செய்தியையும் இங்கே குறிப்பிடலாம். காங்கேசன்துறைக்கு அடுத்த தெல்லிப்பழையிலே, அதே 1924-ஆம் ஆண்டு பிறந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே கூத்தைப் புதுக்கி, ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றைப் படித்தோர் மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். வைரமுத்துவும் அவரும் மறைந்ததும் ஒரே ஆண்டில், 1989-இல். பல்கலைக்கழக மேடையிலே மாணவியரும் ஆடினர். யாழ்ப்பாணத்தில் 1978-இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும், 1985-இல் மேடையேறிய ‘மண் சுமந்த மேனிய’ரும் பெண்களை மேடையின் நடுவே நிறுத்தின. தடை ஒருவாறு நீங்கிற்று. ஆயினும் கோயில் வெளியின் மயான காண்டத்திலே ஆண் சந்திரமதி உடனே மறைந்துவிடவில்லை. 1944-இலேயே தமிழ்த்திரையில் பி. யு. சின்னப்பா அரிச்சந்திரனாகவும் கண்ணாம்பா சந்திரமதியாகவும் வந்துவிட்டார்கள்; கண்ணாம்பாவின் அழுகையைப் பட்டணத்துக் கொட்டகையிலே கேட்டுவந்தவர்கள்தாம் திருவிழா இரவிலே பாயோடு கோயில் வெளிக்கும் வந்தார்கள். பெண் கிடைக்காமையால் ஆண் நடித்தான் என்பது தொடக்கத்துக்கு மட்டுமே பொருந்தும் விளக்கம். பின்னர் அது தனக்கென இலக்கணமும் இரசிகரும் உடைய கலையாகிவிட்டது.

தமிழ்நாட்டிலே இக்கலையின் கடைசிப் பேரொளி தி. க. சண்முகம் (1912–1973). முப்பது வயதளவிலே ஔவையாராக, நரைத்த கிழவியாக மேடையில் நின்று, ‘ஔவை’ என்ற அடைமொழியைத் தம் பெயரோடு ஒட்டவைத்துக்கொண்டவர். ஆனால் 1953-இல் ஜெமினி நிறுவனம் ‘ஔவையார்’ படமெடுத்தபோது ஔவையாக வந்தவர் கே. பி. சுந்தராம்பாள். மேடைக்கு ஆண், திரைக்குப் பெண் என்பது அதற்குள் விதியாகிவிட்டது. திரையிலே ஆண் சேலை உடுத்தால் அது நகைச்சுவைக்கென்றே ஆயிற்று. 1996-இல் கமல்ஹாசன் ‘அவ்வை சண்முகி’யாகத் தோன்றினார். கதை 1993-இல் வந்த ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ என்ற அமெரிக்கப் படத்தைத் தழுவியது. பெயரோ, இளமையில் தம்மைத் தம் நாடகக் குழுவிலே சேர்த்துப் பயிற்றிய சண்முகத்தை நினைவுகூர்வது. படம் முழுவதும் சிரிப்பு. ஆனாலும் தன் குழந்தையின் அருகில் இருப்பதற்காகவே ஒருவன் சேலை உடுத்துகின்றான் என்ற கருவிலே, சந்திரமதியின் பழைய உறவு எங்கோ ஒட்டிக்கொண்டிருப்பதை உணரலாம்.

அமெரிக்காவிலேயே டிவைன் என்ற மேடைப்பெயரோடு வாழ்ந்த கிளென் மில்ஸ்டெட் (1945–1988) வேறு வழியில் நடந்தார். ஜான் வாட்டர்ஸ் இயக்கிய ‘பிங்க் ஃபிளமிங்கோஸ்’ (1972) முதலிய படங்களிலே, அழகிய பெண்ணாகத் தோன்ற அவர் முயலவேயில்லை. பருத்த உடலும் தடித்த மையுமாக, பார்ப்போரை அதிரவைப்பதையே நோக்கமாகக் கொண்டார். நள்ளிரவுக் காட்சிகளிலே அப்படங்கள் ஒரு தனிக்கூட்டத்தைத் திரட்டின. எனினும் 1988-இல் வந்த ‘ஹேர்ஸ்ப்ரே’யிலே, வீட்டிலிருந்து துணி மினுக்கிப் பிழைக்கும் ஒரு தாயாக அவர் நடித்தபோதே பொதுமக்கள் அவரை நடிகராக மதித்தனர். அப்படம் வெளியாகிச் சில நாளிலே அவர் இறந்தார். கோயில் வெளி ஸ்திரீபார்ட்டுக்கும் அவருக்கும் ஒற்றுமை தேடுவது வீண்முயற்சியாகத் தோன்றலாம். தாய்வேடத்தை ஏற்ற பின்பே கேலி அடங்கிற்று என்ற ஒன்றிலே இருவரும் ஒத்தவர்.

வைரமுத்து மறைந்த மறு ஆண்டு, 1990-இல், வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். காங்கேசன்துறை உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மயான காண்டம் விடிய விடிய ஆடப்பட்ட கோயில் வெளிகளிற் பல பற்றை மூடிக் கிடந்தன. இடம்பெயர்ந்த கலைஞர் தாம் ஒதுங்கிய ஊர்களிலே மீண்டும் குழு சேர்த்தனர். திருவிழாக்களில் மயான காண்டம் மறுபடியும் ஆடப்பட்டது. சில மேடைகளிலே சந்திரமதியாகப் பெண்களும் வந்தனர். வேறு சிலவற்றில், அரிதாரம் பூசி, மீசை மழித்த இடத்தில் முத்துவெள்ளையை இன்னும் ஒரு பூச்சுப் பூசிக்கொண்டு, துணியினால் ஆன லோகிதாசனைத் தோளிற் கிடத்தி, சபையை நோக்கி முதல் அடி எடுத்து வைத்தவர் முன்போலவே ஓர் ஆடவர்.